தேய்த்துக் குளித்த மோதிரம்

நகைக்கடை மேசை ஒன்றில் கறுத்துப்போன வெள்ளி மோதிரம் ஒன்று கிடந்தது. மறுநாள் பூதக்கண்ணாடி வந்து அதன் வயதைப் பார்க்கும். நிஜமாகவே பழசு என்றால் கண்ணாடி அலமாரியில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் உருக்குகிற மூசைக்குள் போகவேண்டியதுதான்.

மோதிரத்துக்கோ தன் முகத்தைக் காட்டவே கூச்சம். பக்கத்தில் காகிதத்தில் இருந்த திருநீற்றைக் கூப்பிட்டது.

"தங்கச்சி, பூதக்கண்ணாடிப் பெரியவர் முன்னால இந்தக் கோலத்துலயா போய் நிக்கிறது? கொஞ்சம் தேய்ச்சு விடேன்."

"வேணாங்க்கா, எத்தனை தலைமுறையா சேர்ந்த கறுப்பு இது."

"அழுக்குக்கு எதுக்குடி வக்காலத்து? தேய்!"

திருநீறு இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தது. மோதிரம் அன்றைக்குத்தான் வார்த்தது போல மின்னியது.

காலையில் பூதக்கண்ணாடி குனிந்து திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ரொம்பப் பழசுன்னு சொன்னாங்க. பூவேலைப் பள்ளத்துல ஒரு பொட்டுக் கறுப்பைக் காணோமே?"

"ஐயா, நேத்து வரைக்கும் இருந்துச்சு! இவளைக் கேட்டுப் பாருங்க," என்று பதறியது மோதிரம். திருநீறு கரிப்பொடி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"அது யார் மேல இருந்த கறுப்புன்னு நான் எப்படிம்மா சொல்ல?" என்று பூதக்கண்ணாடி நகர்ந்துவிட்டது.

மூசை மட்டும் மோதிரத்தை ஆசையோடு பார்த்தது.

"அடேயப்பா, என்ன பளபளப்பு! வாம்மா உள்ளே," என்றது.