பாதியில் நின்ற படம்

"அப்போ, சுத்தமா போயிடுச்சா தம்பி?"

கட்டர்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். வலது கையில் மூன்று விரல் போன இடத்தில் பெரிய கட்டு. அட்டைப்பெட்டி ஃபாக்டரியில் பதினெட்டு வருஷம் அட்டை வெட்டிய கை.

மெஷினை நிறுத்தாமல் கையை விட்டார் என்று சொல்லி, வேலையை விட்டுத் தூக்கக் கடிதம் தயாராகிவிட்டது. நிறுத்தினாரா இல்லையா என்பதற்கு ஒரே சாட்சி, ஷெட்டுக் கேமராவின் படம்.

"ஷெட்டு கம்ப்யூட்டர்லேர்ந்து ஆபீஸ் டிஸ்குக்கு நெட்வொர்க் வழியா நகர்த்தறப்போ லைன் அறுந்திடுச்சு அண்ணே. இங்க வந்தது பாதிதான்," என்றான் கம்ப்யூட்டர்காரன். "நீங்க மெஷின்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நின்னுடுது."

"நகர்த்தறதுன்னா பானையை அந்த அடுப்புலேர்ந்து இந்த அடுப்புக்கு மாத்தறதா, வழியில கொட்டிப்போக?" என்றாள் கட்டர்காரரின் மனைவி. அதே ஷெட்டில் கூட்டிப் பெருக்குகிறவள். "நான் குப்பை கொட்டப் போன நேரம் பார்த்து இப்படி ஆச்சு. இவரு நிறுத்தாம கையை விடற ஆளா தம்பி? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. விரலோட நாக்கையும் சேர்த்தா வெட்டுச்சு அந்த மெஷின்?"

"போனது போனதுதான். விடு," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"இருங்கண்ணே. நகர்த்தறதுன்னா மொதல்ல இங்க ஒரு காப்பி, அப்புறம்தான் அங்க அழிக்கறது. காப்பி முழுசா வந்து சேர்ந்துச்சான்னு பார்க்காம அழிச்சா ரெண்டு பக்கமும் போச்சு. நான் எழுதின புரோகிராம், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் அங்க அழிக்கும்."

ஷெட்டு கம்ப்யூட்டரைத் தன் திரையில் திறந்து தேடினான். நிமிர்ந்தான்.

"இருக்கு அக்கா. முழுசா இருக்கு."

"நீ நல்லா இருப்பே," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேனேஜரைக் கூட்டிவர ஓடினாள்.

கட்டர்காரரின் இடது கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. "அழிச்சிடு."

"என்னண்ணே பேசறீங்க? உங்க வேலையே இதுலதான் இருக்கு."

"பாதியோடயே இருக்கட்டும். அழிச்சிடுப்பா."

அவன் கேட்கவில்லை. படத்தை ஓடவிட்டான். கட்டர்காரர் சுவரிலிருந்த மெஷின் சுவிட்சை அணைக்கிறார். தூணைச் சுற்றிப் போய், சிக்கிய அட்டையை எடுக்க மெஷினுக்குள் கையை விடுகிறார்.

"பார்த்தீங்களா, நிறுத்திட்டுத்தான்..." என்றவன் பேச்சை நிறுத்தினான்.

குப்பைத்தொட்டியும் கையுமாக வெளியே கிளம்பிய ஒருத்தி, லைட் சுவிட்ச் என்று நினைத்து அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

வராந்தாவில் மேனேஜரின் செருப்புச் சத்தமும், அவரை அவசரப்படுத்தும் அவள் குரலும் நெருங்கின.

"அவளுக்கு இன்னும் தெரியாது தம்பி," என்றார் கட்டர்காரர்.