வீட்டுக்காரி

காலை ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் படத்தையும் சுவரிலிருந்து இறக்கினாள் ஹைடி. பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்த பையன். அவனைத் தலையணை உறைக்குள் போட்டு, மற்ற படங்களோடு காரின் டிக்கியில் வைத்து மூடினாள்.

அதே ஆணிகளில் தன் கணவனையும் இரண்டு மகள்களையும் நாயையும் மாட்டினாள். நாய் கோணலாகத் தொங்கியது.

கைப்பேசி அடித்தது. ரெனெட்டா.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். உன் பையன், உங்கம்மா, எல்லாரும் டிக்கில இருக்காங்க."

"எங்கம்மாவ அடியில வச்சிருந்தா கனவுல வந்து திட்டுவாங்க, சொல்லிட்டேன்."

"விளையாடாதடி. பத்து மணிக்கு அந்தாளு வந்துருவாரு."

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல காலண்டர்?"

ஹைடி ஓடினாள். சவ அடக்க நிலையத்தார் கொடுத்த நாள்காட்டி. அட்டையில் ஒரு கறுப்பினக் குடும்பம் கைகோத்து நின்றது. கழற்றி மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

போன மாதம் வீட்டுக்கு விலை மதிப்பிட வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அளவு நாடாவை வெளியே எடுக்கவே இல்லை. கதவைத் திறந்த ரெனெட்டாவைப் பார்த்தார். சுவரில் இருந்த கறுப்பு முகங்களைப் பார்த்தார். அடிமாட்டு விலை எழுதிவிட்டுப் போனார்.

அந்த விலைக்கு, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் தர முடியாது என்றது வங்கி. பழைய கடனின் வட்டியோ அடுத்த மாதம் ஏறுகிறது. இன்று வேறொரு வங்கியின் ஆள் வருகிறார். இவரும் அப்படியே எழுதினால் வீடு கைவிட்டுப் போகும்.

"வீட்டுக்காரியா நான் நிக்கிறேன்" என்று சொன்னது ஹைடிதான். இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. மாலையில் ரெனெட்டாவை இந்த வாசலில் இறக்கிவிட்டுத்தான் ஹைடி தன் வீட்டுக்குப் போவாள். கறுப்பு வெள்ளை என்று பாராத சிநேகிதத்துக்கு எங்களைப் பாருங்கள் என்று தேவாலயக் கூட்டத்தில் மேடையேறிச் சொன்னவள்.

"நீ இப்ப எங்க இருக்கே?" என்று கேட்டாள் ஹைடி.

"உன் வீட்டுச் சமையலறையிலதான். நீ காலைல மாத்திர போடல. மேல் தட்டுல பிரிக்காம கெடக்கு. நாய்க்குச் சோறு வச்சுட்டேன். மாடிப்படியில வெறும் ஆணியப் பாத்துக் கொரைக்குது."

அழைப்பு மணி அடித்தது.

வந்தவருக்கு நரைத்த மீசை. கையில் அளவு நாடா. "அழகான வீடு மேடம்" என்றபடியே உள்ளே வந்தார். கூடத்தை அளந்தார். ஜன்னல்களைத் திறந்து மூடினார். சுவரில் இருந்த மகள்களைப் பார்த்து, "பெரியவ அப்படியே உங்க ஜாடை" என்றார்.

நாய்ப் படத்தை நேராக்கினார். அது மறுபடி கோணியது.

"கீழ பேஸ்மெண்டயும் பாத்துரலாமா?"

நடையில் இரண்டு கதவுகள். ஹைடி ஒரு கணம் நின்றாள். இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

தொப்பிகள். ஊதா, மஞ்சள், இறகு வைத்தது, வலை தொங்கியது. தட்டுத் தட்டாகத் தொப்பிகள். ரெனெட்டா ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுக்கொள்பவை. இந்த மில்வாக்கி நகரில் எந்த வெள்ளைக்காரி தலையிலும் இப்படி ஒன்றைப் பார்க்க முடியாது.

அவர் தொப்பிகளைப் பார்த்தார். ஹைடியைப் பார்த்தார்.

"உங்களோடதா?"

"நாடகத்துல நடிப்பேன்."

அவர் மீசையைத் தடவினார்.

"சொந்த வீட்லயே வழி மறந்துட்டீங்களே!"

"வயசாகுது இல்ல சார்" என்று சிரித்துவைத்தாள். வலப்பக்கக் கதவைத் திறந்தாள். படிகள் இருட்டுக்குள் இறங்கின. ஸ்விட்சைத் தேடி இடப்பக்கச் சுவரைத் தடவினாள், வலப்பக்கச் சுவரைத் தடவினாள். கடைசியில் அவரே எட்டி, தலைக்கு மேல் தொங்கிய கயிற்றை இழுத்தார். விளக்கு எரிந்தது.

அவர் கீழே தட்டிப் பார்த்த ஒவ்வொரு சுவரும் அவள் நெஞ்சில் இடித்தது.

போகும்போது வாசற்படியில் நின்று திரும்பினார்.

"கவலப்படாதீங்க மேடம். இந்தத் தெருவுலயே இவ்வளவு நல்லா வச்சிருக்கிற வீடு இதுதான். பேங்க்ல மறுப்பு சொல்ல மாட்டாங்க."

கார் தெருமுனை திரும்பும்வரை கைகாட்டினாள். பிறகு நாற்காலியில் விழுந்து ரெனெட்டாவை அழைத்தாள்.

ரெனெட்டா வந்தபோது ஹைடிதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்டி! வாயெல்லாம் பல்லா போறாரு மனுஷன். அந்தத் தொப்பிங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பேஸ்மெண்ட்னு நெனச்சு நேரா அதத் திறந்துட்டேன்!"

ரெனெட்டா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஹைடியின் தோளுக்கு மேல், தன் சுவரில் கோணலாகத் தொங்கிய நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வாசல்லயே நின்னுட்டே? உள்ள வாடி."

ரெனெட்டா நகரவில்லை.

"இத்தன வருஷமா இதே வாசல்ல நின்னு நானும் உன்ன உள்ள வான்னு கூப்பிட்டேனே, ஒரு நாளாவது கார விட்டு எறங்கினியாடி?"