சுவீடன் கீரை

“இஞ்சாரும், சுவீடன் கீரை முளைச்சிட்டுதோ?” கிணற்றடியிலிருந்து கதிரவேலு கேட்டார்.

“எங்கையப்பா! வெறும் களைதான் முளைக்குது. இண்டைக்கும் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டிட்டன்,” என்றாள் மனைவி மகாதேவி.

சுவீடனில் படிக்கும் மகன் யோகநாதன் போன மாதம் ஒரு சிறு காகிதச் சரையில் விதை அனுப்பியிருந்தான். ‘போர்ட்லாக்’ என்று பெயராம். அங்கே விருந்துகளில் பச்சையாகவே பரிமாறுவார்களாம். தோட்டத்து வெங்காயத் தறையோரம் பாத்தி கட்டி, ஆடு கடிக்காமல் வேலியும் அடைத்து, நெல்லியடிச் சந்தைவரை பெருமை பேசியாகிவிட்டது. நேற்று மகனே யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கிவிட்டான். பாத்தியில் ஓர் இலைகூட இல்லை.

“விதை பழுதுபோலை, தம்பி,” என்றாள் மகாதேவி.

“அப்பிடி இருக்காதம்மா.” புத்தகமும் கையுமாக வளர்ந்து, தோட்டத்துப் பக்கமே போகாத யோகநாதன் இன்றுதான் பாத்தியைப் பார்க்கப் புறப்பட்டான். ஆட்டுக்கொட்டிலடியில் நின்றுவிட்டான்.

“அம்மா, உந்த ஆடு தின்னுறதுதான் போர்ட்லாக்!”

“உதோ? உது எங்கடை தறை முழுக்கக் கிடக்குதடா!”

“அப்ப ஒரு மாசமா எங்கடை ஆட்டுக்குச் சுவீடன் விருந்து நடந்திருக்கு,” என்றார் கதிரவேலு.

மகாதேவி ஆட்டின் வாயிலிருந்து மிச்சத்தைப் பறித்தெடுத்தாள்.

“கை காலைக் கழுவிப்போட்டு வா, தம்பி. மத்தியானம் இந்தக் கீரையைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துத் தாறன்.”