பெல்ட்டின் அளவு

மலைக்குப் போவதற்காக ரெக்ஸ் தன் பிக்கப் வண்டியில் சைக்கிள்களை நிறுத்த இரும்புச் சட்டம் அடிக்க வெல்டிங் பட்டறையில் கொடுத்திருந்தான், கண்ணுகளா. விபத்தில் கால்கள் போன தம்பி சுதன் காலையிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ரெக்ஸ் அவனைத் தூக்கிச் சட்டத்துக்கும் கூடாரப் பைக்கும் நடுவே உட்காரவைத்தான். வெல்டர் பெல்ட்டை அவன் மார்போடு இழுத்துப் பார்த்து, கொக்கி வரவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

“இறுக்குதா தம்பி?”

“இன்னும் இறுக்குங்கண்ணே. வளைவுல நான் உருண்டா இவன் நிறுத்தக்கூட மாட்டான்.”

மூவரும் சிரித்தார்கள். ரெக்ஸ் அவனை இறக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தான். பற்றவைத்த கொக்கி ஆறியதும், சுதன் இருந்த இடத்தில் ஐஸ் பெட்டியை வைத்துப் பெல்ட்டைப் பூட்டினான்.

“கச்சிதம்டா. பெட்டியும் உன் அகலம்தான்னு அப்பவே நெனச்சேன்.”

வண்டி கிளம்பியது. பட்டறை வாசலில், உச்சி வெயிலில், நாற்காலியில் இருந்த சுதன் ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.