விழப் பழகுதல்

மறுபடியும் பாய்ந்துவிட்டாள்.

மகள் ஆவுடை சாயத் தொடங்கியதுதான் தெரியும். நாற்காலி பின்னால் உருண்டது. பிள்ளையின் இடுப்பு அவள் கைக்குள் இருந்தது.

பயிற்சி கொடுக்கும் ஜெபா மிஸ் நாற்காலியை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பத்தொன்பது நாள். காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டுவரை. மணல் பை தைத்த சட்டை, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய ரப்பர் கயிறு, முட்டி போடு, எழுந்திரு, நில். கடைசியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சுவரிலிருந்து சுவருக்கு நடை.

பிள்ளை தேறிக்கொண்டுதான் வந்தது. தாய்தான் தேறவில்லை.

காலில் பலம் இருக்கிறது, நிதானம்தான் இல்லை என்று முதல் நாளே சொன்னார்கள். மூளை முடக்குவாதத்தில் இது தள்ளாட்ட வகையாம். டம்ளரை எடுக்கப் போனால் கிட்டே போகப் போக விரல் நடுங்குமாம். அவளிடமா சொல்கிறார்கள்? ஏழு வருஷமாக அந்த டம்ளரைப் பிடிப்பவள் அவள்தானே.

மிஸ்ஸுக்குக் கவலை நடையைப் பற்றி அல்ல. விழுவதைப் பற்றி.

யாராக இருந்தாலும் விழும்போது கை முன்னால் போய் ஊன்றும். ஆவுடைக்குப் போகாது. கட்டை மாதிரி அப்படியே சாய்வாள். நெற்றியில் மூன்று தையல், தாடையில் இரண்டு. எல்லாம் தாய் உலையைப் பார்க்க அடுப்படிக்குப் போன நேரத்தில் வாங்கியவை.

"நீங்க பிடிக்கிற வரைக்கும் அவ கை வராதுக்கா," என்றிருந்தாள் மிஸ்.

புரியாமலா இருக்கிறது? மண்டைக்குப் புரிகிறது. கைக்குப் புரியவில்லை.

உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். முந்தானையால் மணிக்கட்டைச் சுற்றிக்கூடப் பார்த்தாள். பிள்ளை சாய்ந்ததும் எல்லாம் பிய்த்துக்கொண்டு ஓடும். மெத்தை கனமானது, அடிபடாது என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

ஜூனில் பள்ளிக்கூடம். அங்கே மெத்தை கிடையாது. அவளும் கிடையாது. விழுந்தால் கை ஊன்றுகிற அளவுக்கு வரட்டும், சேர்த்துக்கொள்கிறேன் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தாள்.

பயிற்சி இன்னும் இரண்டே நாள்.

"இனி பாய்ஞ்சீங்கன்னா வெளியதான் உக்காரணும்க்கா. கோவிச்சுக்கிடாதீங்க."

கோபமா? கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். கருக்கலில் எழுந்து சோறு வடித்து, பிள்ளையை இடுப்பில் சுமந்து இரண்டு பஸ் மாறி, பாளையங்கோட்டையில் இந்த மாடிப்படியையும் ஏறி வந்தவளிடம் அது எங்கே இருக்கிறது?

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். தலைக்கு மேல் காற்றாடி சுற்றியது.

எதிர்ச் சுவரில் ஆவுடை நின்றாள். காலை அகட்டி, முழங்கையை விரித்து, அம்மாவைப் பார்த்து.

ஒரு அடி.

இரண்டு.

தொப்பென்று ஒரு சத்தம்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கடைவாயில் ஈரம்.

ஆவுடை மெத்தையில் குப்புறக் கிடந்தாள். முகம் மட்டும் மேலே இருந்தது. இரண்டு கைகளும் முன்னால் போய், விரல்கள் விரிந்து ஊன்றியிருந்தன. தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

மிஸ் கைதட்டினாள். "யக்கா! அசையவே இல்லியே நீங்க! இதத்தான இத்தன நாளாச் சொல்லுதேன்."

சொல்லிவிடலாமா? பெற்ற பிள்ளை நடந்து வருகிறது, கண் கொட்டாமல் பார்க்க வேண்டியவள் தூங்கிவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

மிஸ் ஆவுடையின் பக்கத்தில் குந்தினாள். "இன்னைக்கு மட்டும் எப்படிட்டி கை வந்துச்சு? சொல்லு பாப்போம்."

ஆவுடைக்கு ஒரு வார்த்தை வரவே நேரமாகும். இழுத்து இழுத்துத்தான் வரும். இருவரும் காத்திருந்தார்கள்.

"அம்மா... தூங்...கிட்டா."

மிஸ் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு முகம் எரிந்தது. சீ, நானெல்லாம் ஒரு தாயா என்றிருந்தது. அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது.

பிள்ளை பாதி வழியில் பார்த்திருக்கிறது. அம்மாவின் கை வராது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் இன்னொரு அடி எடுத்து வைத்திருக்கிறது.

"இன்னொரு தடவ நடப்பமா?" என்றாள் மிஸ்.

கேட்டது ஆவுடையிடம். பார்த்தது அவளை.

பிள்ளையைத் தூக்கிப்போய் எதிர்ச் சுவரில் நிறுத்தினாள் மிஸ்.

தாய் கண்களை மூடிக்கொண்டாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள். வாயையும் லேசாகத் திறந்து வைத்தாள்.

தூக்கம் ஒரு பொட்டு இல்லை.

ஒரு அடி கேட்டது.

அப்புறம் ஒன்று.

மூன்றாவது வரவே இல்லை. எங்கே நிற்கிறாளோ, எப்படி ஆடுகிறாளோ. தொடைக்கடியில் கைகள் துடித்தன.

பிள்ளை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மெல்லக் குறட்டை விட்டாள்.