ஒரு கணக்குக்கு ஒரு வீடு

"சொன்னா கேளு பெரிப்பா. நீ டிவியில படம் பாக்கற கம்பெனி கத முடிஞ்சிபோச்சி. ஊரே மாறிக்கினு இருக்குது, நீ ஒருத்தன்தான் அதையே கட்டிக்கினு கெடக்கற."

புதிய இன்டர்நெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சுரேஷ்பாபு. வரதய்யபாளையத்தில் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு போடுகிறவன். செங்கல்வராயன் ரிமோட்டைக் கையிலிருந்து இறக்கவில்லை.

"எனக்கு இதே போதும்டா."

"எங்க போதும்? கிரிக்கெட்ட ஒருத்தன் புடிச்சிக்கினான். புதுப் படத்த எல்லாம் இன்னொருத்தன் வாங்கிக்கினான். ரெண்டு பேரு சண்டையில உன் கம்பெனி நசுங்கிச்சி, பெரியவன் அத வாங்கிட்டான். இன்னிலேர்ந்து புது ரூலு, ஒரு கணக்குக்கு ஒரு வூடுதான். உன் கணக்குல திருப்பதியில ஒரு டிவி ஓடுது பாரு, அத சாயங்காலம் வெட்டிடுவான்." சுரேஷ்பாபு கண்ணடித்தான். "திருப்பதியில சின்ன வூடு எதுனா வச்சிக்கினு இருக்கியா பெரிப்பா?"

செங்கல்வராயன் சிரிக்கவில்லை.

"வெட்டக் கூடாது."

திருப்பதி டிவி தேவசேனாவுடையது. ஒரே மகள். மனைவி இறந்த பிறகு அவரும் அவளுமாக இருந்த வீடு இது. அவருக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் போய் நாலு வருடம். பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. அவர் எதிரில் அவள் பெயரை எடுக்க ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனால் கல்லூரி நாளில் அவள் அவருக்குத் தொடங்கிக் கொடுத்த கணக்கு டிவியில் அப்படியே இருந்தது. அவள் பெயரை அவர் நீக்கவில்லை, அவளும் விலகவில்லை. தினமும் காலையில் அந்தப் பெயருக்குள் போய், முந்தின நாள் என்ன ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். ஓடியிருந்தால் பெண் நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

முன்பெல்லாம் பத்துப் படம் ஆரம்பித்துப் பத்தையும் பாதியில் விடுவாள். இப்போது ஒரு வருடமாக ஒரே தொடர். தினம் ஒரு எபிசோட், ஒன்றுகூடப் பாதியில் நின்றதில்லை. குடும்பம் நடத்தப் பழகிவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"வெட்டாம இருக்க வழி இல்லியா?"

"இருக்குது. உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். பதினஞ்சி நிமிசத்துக்குள்ள அந்த வூட்ல டிவியில அத அடிக்கணும். ஒரு போன் போட்டு சொல்லு, அந்தே, அவ்ளோதான்."

ஒரு போன். செங்கல்வராயன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நம்பர் வந்து ஆறு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் எண்ணைப் போனிலிருந்து என்றோ அழித்துவிட்டார். விரலுக்கு அது மறக்கவில்லை.

எடுத்தது மருமகன் ஸ்ரீஹரி.

"நான் வரதய்யபாளையத்துலேர்ந்து பேசறேன்."

"தெரியுது மாமா."

"டிவியில ஒரு நம்பர் கேக்கும். நாலு, ஏழு, ஒண்ணு, ரெண்டு. சீக்கிரம் அடி."

ரிமோட் பட்டன் சத்தம் நாலு தடவை கேட்டது.

"அடிச்சிட்டேன். ஏத்துக்கிச்சி மாமா."

செங்கல்வராயனுக்கு மூச்சு வந்தது. அதோடு வைத்திருக்கலாம். மனசு வரவில்லை.

"அந்தத் தொடர நானும் பாக்கறேன்னு அவகிட்ட சொல்லு. அவ பாத்த மறுநாளு பாப்பேன். இல்ல, போன அவகிட்ட குடு, நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"கோவமா இருக்கறாளா? தப்பு என் மேலதான். குடுப்பா."

"டிவி பாக்கறது நான் மாமா. அவ பேர்ல தெனம் நான்தான் போட்டுக்கினு இருக்கேன்." ஸ்ரீஹரியின் குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. "அது நின்னுபோச்சின்னா, தெனம் உள்ள வந்து பாக்கற எங்க நைனா பயந்துடும்னு அவதான் சொன்னா."

"அப்போ அவ?"

"செத்தாகூட எனக்கு சேதி அனுப்பாதன்னு நீங்கதான மாமா சொன்னீங்க."