முப்பது விநாடி

ரமணி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள். எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“ஆன்ட்டி, கொஞ்சம் உட்காருங்களேன். இன்னும் ரெண்டு பேர்தான்,” என்றாள் சௌம்யா.

உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடி எழுந்துவிட்டாள்.

ஹைதராபாத்தின் அந்த அரசு அலுவலகத்து மூன்றாவது மாடியில் பதினொரு மணியிலிருந்து கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தபால் வழியிலும் ஆன்லைனிலும் படிக்கிறவர்கள் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளுக்குப் புது விதிகள் வரப்போகின்றன. பழைய விதி ஒன்றை மட்டும் அதில் அப்படியே விட்டிருந்தார்கள். தேர்வு எழுதுகிறவர் முப்பது விநாடிக்கு மேல் கேமராவை விட்டு விலகினால் தேர்வு ரத்து. காரணம் கேட்கமாட்டார்கள்.

அந்த விதியை எடுக்கச் சொல்லித்தான் சௌம்யா ஒரு வருஷமாக அலைகிறாள். திருமுல்கேரிப் பெண். வக்கீல். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருப்பவர்கள் நடுவில் பத்து நிமிஷம் எழுந்து போக அனுமதி வேண்டும் என்பது அவள் மனு.

மனுவில் ஆயிரத்து நூறு கையெழுத்து. நானூறுக்கு மேல் ரமணி ஒருத்தியே வாங்கியது.

மௌலா அலி ரயில்வே காலனியில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேனாவை நீட்டினாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டாள். பஸ் ஏறி வேறு ஏதாவது காலனிக்குப் போய்விடுவாள். போதும் ஆன்ட்டி என்று சௌம்யா சொன்ன பிறகும் இருபது தாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

உங்களுக்கும் பேப்பர் போச்சா என்று சௌம்யா ஒருமுறை கேட்டாள். கடைசி பேப்பர் என்றாள் ரமணி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சௌம்யா மேலே கேட்கவில்லை.

அந்த ரெண்டு பேரில் முதலில் ராகேஷ் என்ற பையன் பேசினான். தொட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூக்கப் போயிருக்கிறான். நாற்பது விநாடி. ஒரு வருஷப் படிப்பு போயிற்று. அடுத்து ஒரு பெண். மாமனாருக்கு வலிப்பு வந்ததைச் சொன்னாள். கமிட்டியின் மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு ரமணியைக் கூப்பிட்டார்கள்.

சௌம்யா எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அவள் அதைப் பிரிப்பதற்குள், நடுவில் இருந்த வயதான பேராசிரியர் அவளுடைய படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார்.

“நூலக அறிவியல், முதல் வகுப்புன்னு போட்டிருக்கு. வேலையும் நிரந்தரமாயிருக்கு. உங்க தேர்வு ரத்தாகவே இல்லையேம்மா. எத்தனை விநாடி எழுந்து போனீங்க?”

சௌம்யா சட்டென்று நிமிர்ந்தாள்.

“எழுந்திருக்கலைங்க,” என்றாள் ரமணி, அவளும் தெலுங்கிலேயே. “மூணு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன்.”

பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். நிதானமாகச் சொன்னாள். கணவர் ஜகதீசன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. விழுங்குவதற்குச் சிரமப்படுவார். அன்று ஒன்பதரைக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணிக்குத் தேர்வு எழுத உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு உள்ளே இருமல் கேட்டது.

அப்புறம் அவள் பெயர் கேட்டது. இரண்டு தடவை. அவருக்குப் பேச்சு குழறும். அந்தப் பெயர் மட்டும் தெளிவாக வரும்.

கண்ணைத் திருப்பினாலே திரையில் எச்சரிக்கை வந்துவிடும். அவள் திருப்பவில்லை. இன்னும் இருபது நிமிஷம்தானே என்று நினைத்தாள். நான்கு கேள்வி பாக்கி இருந்தது. நான்குக்கும் பதில் எழுதினாள்.

“ஒரு மணிக்குக் கதவைத் திறந்தேன். மூச்சு இல்லை. உடம்பு இன்னும் சூடாத்தான் இருந்தது.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். சௌம்யாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“இந்த விதி போகணும்னு சொல்றீங்க. அதை எழுதிக்கிறோம்மா,” என்றார் பேராசிரியர் கடைசியில். “வேற ஏதாவது சொல்லணுமா?”

“ஒண்ணு கேக்கணும் சார். பரீட்சை நேரம் முழுக்க கம்ப்யூட்டர்ல மைக் ஓடிட்டிருந்தது. அந்தப் பதிவு உங்க ஆபீஸ்லதான் இருக்கும். அதைக் கேட்டு மூணு தடவை எழுதிப் போட்டேன், பதில் வரலை.”

கையிலிருந்த மைக்கைக் கீழே வைக்கப் போனவள், திரும்ப எடுத்தாள்.

“எனக்கு முழுசும் வேண்டாம். பன்னிரண்டு நாற்பதுலேருந்து கொடுத்தாப் போதும். அவர் குரல் வேற எதுலயும் இல்லைங்க.”